கூரைகளின் மேல் நடந்த காற்று

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் அப்படியே சாய்ந்துகொள்ளுங்கள், கதை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வானத்திலிருந்து ஊரைப் பார்த்த ஒரு கண்ணை நம்பி, காற்று வரும் வீடு தேடிப் போன ஒருவனையும் அவன் மனைவியையும் பற்றிச் சொல்லப்போகிறேன். பயமுறுத்துகிற கதை இல்லை. நடுவில் கொஞ்சம் மூச்சு முட்டும், அவ்வளவுதான். முட்டினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவன் பெயர் பிரிட்டோ. அவள் பெயர் சாராள். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, திரும்பிய இடத்தில் இன்னொரு தடவை திரும்பினால் வருகிற ஒரு சந்தில் குடியிருந்தார்கள். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் இவர்கள் வீட்டில் தும்மல் கேட்கும். சாராளுக்குச் சிறுவயதிலிருந்தே வீசிங். மழைக்காலத்தில் வரும், போகும்; அவளும் அதை ஒரு உறவுக்காரியைப்போல வரவேற்று, அனுப்பிவைத்துப் பழகியிருந்தாள். ஆனால் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கோடைக்கு முன்பே கரண்ட் அடிக்கடி போகத் தொடங்கியது. மத்தியான வேளையில் மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்து நிற்கும். அது நின்றதும், அறையிலிருக்கும் காற்றும் ஒரு மூட்டையைப்போல அங்கேயே உட்கார்ந்துவிடும். சாராள் எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுப்பாள். கிணற்றிலிருந்து ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிறவளைப்போல இருக்கும் பார்ப்பதற்கு.

அவளுடைய அண்ணன் துரை, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசர். வாரம் தவறாமல் போன் பண்ணுவார்.

"இங்க வந்துடு சாரா. இங்க ஃபேனே கிடையாது. சித்திரையில கூடக் கம்பளி போத்திக்கிட்டுத் தூங்கலாம்."

"அவரை என்னண்ணா பண்றது?"

"அவனும் வரட்டும்."

"வந்து? காப்பிச் செடியோட தலையைத் தடவிக் குடுப்பாரா?"

சிரித்துவிட்டுத்தான் போனை வைப்பாள். ஆனால் ஒருநாள் சிரிக்கவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பிரிட்டோவிடம் சொன்னாள்.

"என்னங்க, இந்த வெயில் ஒண்ணு பாக்கறேன். காத்து வர்ற வீடா ஒண்ணு பாருங்க. இல்லன்னா நான் அண்ணன்கிட்டப் போயிடறேன். கோச்சுக்காதீங்க. மூச்சு விடறதுக்குன்னு ஒருத்தி போனா அதுல கோச்சுக்க என்ன இருக்கு?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்றான். போனால் திரும்பி வருவாளா என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில் விழாமல் அவர்கள் தூங்கியதில்லை.

பிரிட்டோ என்ன வேலை பார்த்தான் என்று சொல்ல வேண்டும். நாவலூரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் ஆபீஸ். உயரமான கட்டடமோ கோபுரமோ கட்ட நினைக்கிறவர்கள் அங்கே வந்து, "எங்கள் இடத்தில் காற்று எவ்வளவு பலமாக அடிக்கும்?" என்று கேட்பார்கள். அதைக் கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வேலை. ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் அனுப்பிக் காற்றை அளக்க முடியுமா? அதற்குத்தான் அந்தக் கண்.

இரண்டாயிரமாவது வருஷம், மாசி பிறக்கிற சமயத்தில், ஒரு விண்ணோடம் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு இரண்டு கண்கள். ஒன்று உடம்பிலேயே இருந்தது. இன்னொன்றை, நீளமான ஒரு கம்பத்தை வெளியே நீட்டி அதன் நுனியில் வைத்திருந்தார்கள். நமக்கும் இரண்டு கண்ணும் திறந்திருந்தால்தானே ஊசியில் நூல் கோக்க வருகிறது? அதுபோலத்தான். வெளிச்சத்தில் பார்க்கிற கண்ணும் இல்லை அது, ரேடார். இருட்டிலும் பார்க்கும், மேகத்துக்குள்ளும் பார்க்கும். நாமெல்லாம் தோசை வார்த்துக்கொண்டும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டும் இருந்தபோது, அது நம் தலைக்கு மேலே போய்க்கொண்டே, உலகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் என்று குறித்துக்கொண்டது. கட்டம் என்றால் கோலப்புள்ளிக் கட்டம் இல்லை. ஒரு கட்டத்துக்குள் பத்திருபது வீடுகள் அடங்கும்.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு குணம். தரை எது, தரைமேல் நிற்பது எது என்று அதற்குத் தெரியாது. வேப்பமரம் இருந்தால் மரத்தின் தலையைத் தொட்டுவிட்டு, இதுதான் உயரம் என்று நினைத்துக்கொள்ளும். வீடு இருந்தால் மொட்டைமாடியைத் தொடும். மலையை அளக்கிறவர்களுக்கு அது தொந்தரவு. பிரிட்டோவுக்கு அதுவே தேவை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உயரம் ஏறி இறங்கி இருந்தால், அங்கே கட்டடமும் மரமும் கலந்து நிற்கின்றன, ஊர் சொரசொரப்பாக இருக்கிறது என்று பொருள். பலாப்பழத் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள். அப்புறம் மாம்பழத்தின் மேல். காற்றுக்கும் அப்படித்தான் இருக்கும். சொரசொரப்பான ஊரில் சிராய்த்துச் சிராய்த்துக் களைத்துப்போகும். வழவழப்பான ஊரில் ஓடும்.

சாராள் அப்படிச் சொன்ன மறுநாளே, சாப்பாட்டு வேளையில், பிரிட்டோ தன் ஊர்ப்பக்கத்தையே திரையில் கொண்டுவந்தான். சொரசொரப்பு சிவப்பு, வழவழப்பு நீலம். தாம்பரமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டதுபோல இருந்தன. கிழக்கே கடல் ஒரே நீலம். அந்த நீலத்திலிருந்து ஒரு நாக்கு உள்ளே நீண்டிருந்தது. கரையைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் அகலமாகப் படுத்து, அங்கிருந்து ஒல்லியாகி, வளைந்து, கீழ்க்கட்டளைக்குப் பக்கத்தில் நாலைந்து தெருக்களைத் தொட்டு நின்றது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் இந்த வழியாகத்தான் வரும். அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து நாற்காலி பத்ரிநாராயணன் எட்டிப் பார்த்தார். "என்ன பிரிட்டோ, எந்தக் கிளையண்ட்டுக்கு?"

"எனக்குத்தான் சார். வீடு பாக்கறேன்."

"ஊர்ல எல்லாரும் வாஸ்து பாத்து வீடு பாப்பான். நீ ராக்கெட் விட்டுப் பாக்கறியா?"

"காத்துக்கு வாஸ்து தெரியாதே சார்."

"ஓனர்கிட்ட இந்தப் படத்தக் காட்டிடாதப்பா. காத்துக்குன்னு தனியா அட்வான்ஸ் கேப்பான்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பிரிட்டோ மட்டும் போய்ப் பார்த்தான். அந்த நீல நாக்கு தொட்ட இடம், பொன்னியம்மன் கோயிலைச் சுற்றின நாலு தெருக்கள். எல்லாம் தரைத்தள வீடுகள். நெருக்கமாக இருந்தாலும் சந்துபோல் இருட்டில்லை. வானம் நன்றாகத் தெரிந்தது. கிழக்குப் பார்த்த வீடு ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்காரி காமு, ஒட்டினாற்போல அடுத்த வீட்டிலேயே இருந்தாள். தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் காலை நேரத்தில் கடற்காற்று ஏது? மத்தியானம்தானே வரும்? அதனால் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"கிழக்கு நேரா இந்தப் பக்கம்தானேக்கா? ஜன்னல் எல்லாம் இதே பக்கம்தானா?"

காமு இடுப்பில் கையை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி வர்தா, பஸ்ஸு கீதான்னு கேப்பாங்க. நீ இன்னாபா, கெயக்கு எங்க கீதுன்னு கேட்டுகினு நிக்கிற? சூரியன வாடகைக்கு எடுக்கப் போறியா?"

"காத்துக்காவக் கேக்கறேன்க்கா. வீட்ல மூச்சு ப்ராப்ளம்."

காமுவின் குரல் இறங்கியது. "அட பாவமே. இட்டுகினு வா, இட்டுகினு வா."

குடிவந்த அன்று, பாத்திரங்களைக்கூட அடுக்காமல், ஜன்னல்களைத் திறந்து வைத்து இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சாராள் புதிதாக ஒரு திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள், வெங்காயத்தோல்போல மெல்லிசு. மத்தியானமாயிற்று. கரண்ட் போயிற்று. திரைச்சீலை அசையவில்லை. வெயில் எதிர்வீட்டுத் தலையைத் தாண்டி மேற்கே சாய்ந்தது. அசையவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அவர்கள் வீட்டு மாடியில் காமு காயப்போட்டிருந்த துணிகளின் நிழல், தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் விழுந்தது. அந்த நிழல்கள் பறந்தன. ஒரு புடவையின் நிழல் எழுந்து எழுந்து நீந்தியது. ஒரு சட்டையின் நிழல் கையை வீசி யாரையோ கூப்பிட்டது. தெருவுக்கு மேலே, வெளிறிய வானத்தில், யாரோ விட்ட காற்றாடி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே போயிற்று. கீழே அறைக்குள் வியர்வை கழுத்தோடு இறங்கியது. கண்ணாடித் தொட்டியின் அடியில் உட்கார்ந்து, மேலே ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பதுபோல, இரண்டு பேரும் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து வருதுங்க" என்றாள் சாராள், மெதுவாக. "நமக்கு அதோட நிழல் மட்டும்தான் வருது."

ஒரு வாரம் இப்படியே போயிற்று. காமு தினமும் வாசலில் நின்று கேட்பாள்: "இன்னா சாராளு, உன் காத்து வந்துச்சா? இல்ல, கூட்டமா கீதுன்னு அடுத்த பஸ்ஸுல வருதா?"

சனிக்கிழமை பிரிட்டோ வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்குப் போனான். கடைசிப் படியில் தலை வெளியே வந்ததுதான் தாமதம், சட்டை முதுகில் உப்பியது. காற்று! உப்பும் சேறும் மணக்கிற, குளிர்ந்த கடற்காற்று. அவன் கணக்கு பொய் சொல்லவில்லை. வரும் என்று சொன்ன வழியில், வரும் என்று சொன்ன நேரத்தில் வந்திருந்தது. சுற்றிலும் பார்த்தான். தெரு தெருவாக மொட்டைமாடிகள், எல்லாம் ஒரே உயரம். ஒன்றுகூட ஒரு முழம் தூக்கலாக இல்லை. நடுநடுவே இருந்த தெருக்கள் கோடு கிழித்ததுபோலக்கூடத் தெரியவில்லை. பெரிய மேசை ஒன்றைத் துடைத்து வைத்ததுபோல இருந்தது ஊர்.

எதிர்வீட்டு மாடியில் வடிவேலு தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

"அண்ணா!" என்று கத்தினான் பிரிட்டோ. "இங்க ஏன் யாருமே மாடி எடுக்கல?"

"எடுக்கக்கூடாதுபா! நாலு தெருவுக்கும் அதான் ஊர்க்கட்டு!" தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேச்சு பறந்தது. "ஆடி கடைசி ஞாயித்துக்கெயமை, பொயுது சாயற நேரம், கோபுரத்துல வெளக்கு ஏத்துவோம். அவங்கவங்க மாடில நின்னுகினு வெளக்கப் பாத்தப்பறம்தான் கூழ் ஊத்தணும். ஒருத்தன் வூட்ட ஒசத்திட்டான்னு வெய்யி, பின்னால கீறவனுக்கு மறைக்கும். அவன் வூட்டுக் கூழு அண்டாவுலயே ஆறிப் பூடும். அது பாவம் இல்ல?"

பிரிட்டோ அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். அவன் தப்பு அவனுக்குப் புரிந்துவிட்டது. எல்லா வீடும் ஒரே உயரம் என்றால், வானத்துக் கண் எல்லாக் கட்டத்திலும் மொட்டைமாடியைத்தான் தொட்டிருக்கும். ஏற்ற இறக்கமே இல்லை. கணக்கு அதை வழவழப்பு என்று சொல்லியிருக்கிறது. வழவழப்பு என்றதும் இவன் வெட்டவெளி என்று நினைத்துவிட்டான். மேசையின் மேற்பலகையைப் பார்த்துத் தரை என்று நம்பி, மேசைக்கு அடியில் குடிவந்திருக்கிறான். காற்றுக்கும் அது தரைதான். மாடிக்கு மாடி வழுக்கிக்கொண்டு, தெரு என்று ஒன்று கீழே இருப்பதே தெரியாமல், போய்க்கொண்டிருக்கிறது. தரையின் உயரத்தைத் தனியாக வாங்கிக் கழித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கீழே வந்து ஒளிக்காமல் சொன்னான். சாராள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

"என்னை மேல கூட்டிட்டுப் போங்க."

"படி ஏறணும் சாரா."

"ஏறறேன்."

இரண்டு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். அவன் ஒரு கையில் நாற்காலியும் ஒரு கையில் அவளுமாகப் பின்னால் வந்தான். மேலே போய்ச் சேர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காற்று அவள் நெற்றி முடியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. மூச்சு முதலில் பயந்து பயந்து உள்ளே போயிற்று. பிறகு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் தாராளமாகப் போய் வந்தது. கிழக்கே, கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் அந்தப்புறம், சதுப்பு நிலம் ஒரு பழைய கண்ணாடிபோல மங்கலாக மினுங்கியது. கொக்குகள் எழுந்து, திரும்பி, அதே இடத்தில் இறங்கின. வெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, அவள் கைமேல் தங்கி, விலகியது. அவள் தூங்கிவிட்டாள் என்றே பிரிட்டோ நினைத்தான்.

"நல்ல காத்துங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஆனா தினமும் என்னால ஏற முடியாது. அதுதான் இறங்கி வரணும். அது வராது."

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்கண்ணா." பிரிட்டோ பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, அவள் பக்கத்தில் வைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம். பிரிட்டோ ஆபீசில் இருந்தான். கரண்ட் இல்லை. சாராள் முன்னறையில் தரையில் உட்கார்ந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மடிப்பு கலைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். திரைச்சீலை வயிறு முன்னே தள்ளி உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவர்க் காலண்டர் டக் டக் என்று தட்டியது. அவள் பயந்துபோய் அசையாமல் இருந்தாள். அசைந்தால் ஓடிவிடுமோ என்று. வெகுநேரம் அப்படியே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கனவில் யாரோ விசிறுவதைப்போல வாங்கிக்கொண்டாள். அப்புறம் சட்டென்று நின்றுபோயிற்று. திரைச்சீலை தொங்கியது.

வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். மாடி விளிம்பில், தெருப்பக்கக் கொடியிலிருந்து, காமு ஒரு பெரிய ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அதை எடுக்காதீங்கக்கா!"

"காஞ்சி பூடுச்சி சாராளு! இன்னும் வுட்டா அப்பளமாப் பூடும்!"

"திரும்ப மாட்டுங்கக்கா. ப்ளீஸ்."

"இன்னாடா இது பேஜாரா கீது" என்று முனகிக்கொண்டே காமு மறுபடியும் கொடியில் போட்டாள். ஜமுக்காளம் பாய்மரம்போல விம்மியது. சாராளின் காலடியில் தெருப்புழுதி சுழன்றது, முந்தானை எழுந்தது. காமு கைப்பிடிச் சுவரில் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், தானாகவே, ஜமுக்காளத்தை எடுத்துப் பார்த்தாள். காற்று நின்றது. போட்டாள். வந்தது.

"அடியாத்தா" என்றாள் காமு.

பிரிட்டோ வந்ததும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் வாசலுக்கு வந்து அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்தான். வழுக்கிக்கொண்டு போகிற காற்றுக்கு ஒரு தடுக்கல் கிடைத்திருக்கிறது. ஜமுக்காளத்தில் முட்டியதும் பாதி மேலே ஏறித் தாண்டுகிறது. பாதி சுவரோடு சரிந்து தெருவில் விழுகிறது. வானத்துக் கண்ணின் கட்டத்துக்குள் ஒரு ஜமுக்காளம் எங்கே தெரியப்போகிறது? அவனுக்கும் அது தோன்றாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஆளுயர மூங்கில் தட்டிகள் வாங்கினான். சனிக்கிழமை மத்தியானம், மாடியின் தெருப்பக்க விளிம்பில் வரிசையாக நிறுத்திக் கட்டினான். கட்டி முடிக்கும் முன்பே வடிவேலு தன் வாசலுக்கு வந்துவிட்டார், கையில் தினத்தாளோடு.

"யப்பா பிரிட்டோ! வூட்ட ஒசத்துறியா?"

"வீடு இல்லண்ணா, தட்டி."

"இன்னிக்குத் தட்டி, நாளைக்கு செங்கல்லு. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்கோ. அவுத்துப் போடு!"

காமு குறுக்கே வந்தாள். "தட்டிக்கு மாடின்னு எவன்யா பேரு வெச்சான்? உன் தலைல முண்டாசு கட்னா நீ ரெண்டு மாடியா?"

"நீ சும்மா இரு காமு. பின்தெருவுல கீறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்." வடிவேலு விறுவிறுவென்று நடந்து பின்தெரு வீட்டு மாடியில் ஏறி நின்று பார்த்தார். திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது. "கோபுரம் தெரில. மறைக்குது. அவுத்துடு."

பிரிட்டோவின் கை கயிற்று முடிச்சுக்குப் போயிற்று. அப்போது சாராள் வாசலுக்கு வந்தாள். தெருவைத் தாண்டிப் பேச அவளுக்குக் குரல் போதவில்லை. நடந்து, வடிவேலு நின்ற வாசற்படிக்கே போனாள்.

"அண்ணா, ஆடி பொறக்கட்டும். அன்னைக்கே அவுத்துடறோம். விளக்கு முடிஞ்சப்புறம் நீங்க சொன்னாத்தான் திரும்பக் கட்டுவோம். நானே ஏறி அவுக்கறேன்."

"நீ? அஞ்சி படி ஏறுனா உனுக்கு அஞ்சி வாட்டி மூச்சு வாங்குது. நீ அவுப்பியா?"

"உக்காந்து உக்காந்து ஏறுவேன்ணா."

வடிவேலு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, தட்டியில் முட்டி விழுந்த காற்று தெருவைக் குறுக்கே கடந்து அவர் வாசலுக்கும் வந்தது. கையிலிருந்த தினத்தாள் தானாகவே ஒரு பக்கம் புரண்டது. அவர் அதை அடக்கினார். இன்னொரு பக்கம் புரண்டது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "யோவ், கரண்ட் வந்துச்சா? காத்து வருதே!"

காமு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

வடிவேலு தினத்தாளை நாலாக மடித்தார். சாராளைப் பார்க்காமல், தட்டியைப் பார்த்தார். "வூடுன்னா செவுரு. தட்டி இன்னா செவுரா? ஆடி வரிக்கும் நிக்கட்டும். ஆடில நானே வந்து அவுக்கறேன், நீ ஏறாத. பின்தெருவுக்கு நான் சொல்லிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை வந்துவிட்டார். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. "இந்த ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் குடித்தார். சாயங்காலம் சேலத்துக்குப் பஸ். சாராளின் பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. யாரும் தட்டியைப் பற்றி அவரிடம் பேசவில்லை. சாராளே பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் வந்துவிட்டு மறுநாள் வராமல் போனால் என்ன செய்வது? அவளுக்கே அது நிச்சயமில்லை.

மீன்குழம்புச் சாப்பாடு ஆயிற்று. கரண்ட் போயிற்று. துரை வாசற்கதவுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு துண்டால் விசிறிக்கொண்டார். திரைச்சீலை அசையவில்லை. பிரிட்டோ அடிக்கடி வாசலில் போய் வானத்தைப் பார்த்தான். மேலே மேகம்கூட நின்ற இடத்தில் நின்றது. சாராளின் மூச்சில் சின்னதாக ஒரு விசில் சத்தம் தொடங்கிவிட்டது. துரை அதைக் கேட்டார்.

"பாத்தியா? கிளம்பு சாரா. முகத்தைக் கழுவிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தாவது காத்து வாங்கலாம்."

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய், தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அங்கேயே நின்றாள். ஈர முகத்தைத் துடைக்கவில்லை. அந்த ஈரத்தில், முதலில் இடது கன்னத்தில், கடுகளவு குளிர்ச்சி. பிறகு கழுத்தில். பின்கதவு மெல்ல முனகிக்கொண்டு தானாகத் திறந்தது. வீட்டை முன்னிருந்து பின்னாக, யாரையும் இடிக்காமல் ஒருவர் நடந்து போவதைப்போல, காற்று நடந்து போயிற்று.

அவள் முன்னறைக்கு வந்தபோது திரைச்சீலை கிட்டத்தட்ட அண்ணனின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. துண்டு மடியில் கிடந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த மனிதர், வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்று பிரிட்டோ சைகையில் கேட்டான்.

சாராள் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. பெட்டிமேல் உட்கார்ந்து, அண்ணனின் நெற்றியில் வியர்வை உலர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சிலிருந்த விசில் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. மீன்குழம்பு வாசனையும், சதுப்பு நிலத்து வாசனையும், எங்கோ கோயிலில் ஏற்றின கற்பூர வாசனையும் கலந்து வந்தன. எதிர்வாசலில் வடிவேலுவும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, யாருக்கோ காவல் இருப்பவரைப்போல வெகு கம்பீரமாகத் தூங்கினார்.

துரை கண்விழித்தபோது விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. கொஞ்சநேரம் தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

"மணி என்ன? பஸ் போயிருக்குமா?"

"போயிருக்கும்ணா."

"எழுப்பக்கூடாதா? அடுத்தது எப்போ?"

சாராள் ஒரு முழு மூச்சை இழுத்து, நிதானமாக விட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்குக் காலையில இருக்குண்ணா. டீ போடறேன், முகம் கழுவிட்டு வாங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. எல்லா மத்தியானமும் காற்று வந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வராத நாளும் உண்டு, சாராளுக்கு மூச்சு இழுத்த நாளும் உண்டு. ஆனால் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள்.

எழுந்து போகிறவர்கள் என் வாழ்த்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில் விழுகிற நெருக்கம் என்றைக்கும் இருக்கட்டும். வயசானவர்கள் இருமாமல் தூங்கட்டும், பிள்ளைகள் வியர்க்காமல் தூங்கட்டும். அண்டாவில் கூழ் குறையாமல் இருக்கட்டும், அக்கம்பக்கத்தார் மனம் கோணாமல் இருக்கட்டும். உங்கள் வாசல் எந்தத் திசை பார்த்திருந்தாலும், நல்லதெல்லாம் அதை விசாரித்துக்கொண்டு வந்து சேரட்டும். நன்றாக இருங்கள்.